பிடித்தம் போக மீதிப் பேய்

வருகிற திங்கட்கிழமை முதல் மனிதனாக வாழ்வது என்று முடிவு செய்தேன். பேராச்சியிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் அவளிடம் அனுமதி கேட்டதாக ஆகிவிடும்.

பேராச்சி என் மனைவி. தென்காசியில் குற்றாலம் ரோட்டில், சிற்றாற்றை ஒட்டி மரக்கடை வைத்திருக்கிற ஆவுடைநாயகம் பிள்ளை அவளுக்குச் சித்தப்பா, எனக்கு முதலாளி. கடையில் 'ஏ தில்லைநாயகம்' என்பார். வீட்டுக்கு வந்தால் 'மாப்ளே' என்பார். இரண்டும் ஒரே அதட்டல்தான். மாதம் முடிந்தால் என் சம்பளத்தை மடியில் கட்டிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வருவார். பேராச்சி கையில் கொடுப்பார். மோர் குடிப்பார். போய்விடுவார். அந்தக் கடையில் நான் கணக்கு எழுத உட்கார்ந்து எட்டு வருஷம் ஆகிறது. ரூபாயில் பழைய ராஜா தலை போய்ப் புது ராஜா தலை வந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் இரண்டு தலையையும் பார்த்ததில்லை.

ஒரே ஒரு மாதமாவது என் சம்பளத்தை என் கையால் வாங்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

வழி காட்டியவன் ஏசுதாசன். செங்கோட்டை ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா, என் சிநேகிதன். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில் ஒரு மரக் கம்பெனிக்குக் கணக்கெழுத ஆள் வேண்டுமாம். தங்க அறை உண்டு. ஒற்றை ஆளாக வர வேண்டும் என்றான். 'ஒற்றை ஆள்' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. திங்கட்கிழமை காலையில் அங்கே போய் நிற்க வேண்டும். தவறினால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"மொதலாளி, நான் வேலையை விட்டுக்கிடலாம்னு இருக்கேன்."

"விட்டுக்கோ."

இவ்வளவு சுலபமா என்று உட்காரப் போனேன்.

"ஒரு மாசம் நோட்டீஸ் குடுக்கணும். தெரியும்லா?"

"திங்கக்கிழமையே போகணுமே."

"தாராளமாப் போ. நோட்டீஸ்ல எத்தனை நாள் கொறையுதோ அத்தனை நாள் சம்பளம் பிடித்தம். ஒரு மாசம் கொறைஞ்சா ஒரு மாசச் சம்பளமும் பிடித்தம். கடைச் சட்டம். மாப்பிள்ளைன்னு எல்லாம் பார்க்க முடியாது. பேராச்சிட்டச் சொல்லிட்டியா?"

"நீங்க சொல்லிருங்களேன்."

"நான் சொல்ல மாட்டேன். எனக்கும் அவகிட்டப் பயம் உண்டு."

சனிக்கிழமை சம்பளம். முதலாளி வெறும் மடியோடு வந்து மோர் கேட்டால் பேராச்சி ஏன் என்று கேட்பாள். ஏன் என்று தெரிந்தால் ஆரியங்காவு தெரியும். ஆரியங்காவு தெரிந்தால் எனக்குத் திங்கட்கிழமை என்று ஒன்று வராது. பிடித்தமான வேலைக்குப் போக இப்படி ஒரு பிடித்தமில்லாத பிடித்தம்.

அப்போதுதான் வாட்ச்மேன் நல்லகண்ணு ஞாபகம் வந்தான். இரண்டு வருஷத்துக்கு முன் மரத்தடி அடுக்குக்கு நடுவில் எதையோ பார்த்துப் பயந்து, பிதற்ற ஆரம்பித்தவன். முதலாளி அன்றைக்கே முழுச் சம்பளமும் ஒரு வேட்டியும் கொடுத்து இலத்தூருக்கு வண்டி ஏற்றிவிட்டார். நோட்டீஸ் பிடித்தம் எவ்வளவு எழுத என்று நான்தான் கேட்டேன்.

"பேய் பிடிச்சவன்கிட்ட நாம வேற பிடிக்கக் கூடாதுலே" என்றார்.

ஆக, சட்டத்தில் ஓட்டை இருந்தது. ஒரு பேய் நுழைகிற அளவுக்கு இருந்தது. பேய்க்கு எங்கே போக என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் அந்தத் தடி வந்தது.

மலையில் வெட்டிய வேங்கை மரம். நல்ல பருமன். அறுப்புக் குழிமேல் ஏற்றி, மேல்பட்டையைச் சீவினார்கள். தலைமை அறுப்புக்காரர் இசக்கியப்பன் தடியைத் தடவிக்கொண்டே போனவர், பாதியில் நின்றார். மரத்துக்குள் இரும்பு. வரிசையாக ஆணித் தலைகள். மரம் வளர்ந்து அவற்றைப் பாதி மூடியிருந்தது. அவர் ரம்பத்தைக் கீழே வைத்தார்.

"பல்லு போயிரும்னு பாக்கியளா?" என்று கேட்டேன்.

"பல்லு போனா அரத்தைப் போட்டு ராவிக்கிடலாம், கணக்கப்பிள்ளை. இதுல ஆள் இருக்கு."

எங்கள் பக்கத்தில் இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஒருவரைப் பிடித்த ஆவியை இறக்கிக் காட்டில் ஒரு மரத்தில் வைத்து ஆணி அடித்துவிடுவார்கள். ஆணி இருக்கிறவரை ஆள் உள்ளே இருக்கும். அந்த மரத்தை யாரும் வெட்ட மாட்டார்கள். இதை யாரோ தெரியாமல் வெட்டி விற்றிருந்தார்கள்.

முதலாளி வந்து பார்த்தார். எந்தக் காட்டுத் தடி என்று கேட்டார். செண்பகாதேவி அருவிக்கு மேலே என்று வண்டிக்காரன் சொன்னதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "சாக்கைப் போட்டு மூடுங்கலே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆனி மாதச் சாரல் நிற்காமல் தூறிக்கொண்டிருந்தது. சாக்குக்கு அடியிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் வடிந்து முற்றத்தில் ஓடியது. ஈரம் பட்டால் வேங்கை அப்படித்தான் வடியும். மரக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்தும் ஒருவரும் அந்தச் சிவப்பை மிதிக்கவில்லை. மறுநாளிலிருந்து ஒரு சத்தம் வேறு. சரக், சரக் என்று யாரோ பட்டை உரிக்கிற சத்தம். போய்ப் பார்த்தால் நின்றுவிடும். பட்டை உரிக்க அந்த மாதம் நாங்கள் யாரையும் வைத்திருக்கவில்லை. கடையில் எல்லோருக்கும் பயம். எனக்கு மட்டும் சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம். மலையிலிருந்து மேகம் இறங்கி வந்து கடைக்குள்ளேயே நின்றது. பட்டப்பகலில் விளக்கு வைக்கிற இருட்டு. நான் குறடை எடுத்துக்கொண்டு தடியிடம் போனேன். ஒரு ஆணியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டால், எனக்குப் பேய் பிடித்ததை ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது என் திட்டம்.

மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். குறடு பட்டதுமே வந்துவிட்டது. உள்ளேயிருந்து யாரோ தள்ளிக் கொடுத்த மாதிரி வந்தது. அந்தச் சாரலில் ஆணி சூடாக இருந்தது. ஓட்டையிலிருந்து ஈர மஞ்சள் வாசம் வந்தது. அதுவரை பின்னால் கேட்டுக்கொண்டிருந்த சரக், சரக் நின்றது. சத்தம் கேட்டபோதுகூட எனக்கு அவ்வளவு பயமில்லை.

பேய் பிடித்தால் பிடிக்கட்டும், சம்பளம் பிடிக்காமல் இருந்தால் சரி என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஆட்கள் திரும்பி வந்தபோது நான் குடுமியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, கையில் ஆணியோடு, தடிமேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். நான் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அதிலேயே பாதிப்பேர் நம்பிவிட்டார்கள். என்னைத் தூக்கி வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

பேராச்சி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏறிட்டுப் பார்த்தாள்.

"என்னத்துக்கு இவரு தலையை விரிச்சுப் போட்டிருக்காரு?"

"பிடிச்சிருக்கு, தாயி" என்றார் இசக்கியப்பன்.

"எட்டு வருஷமா எனக்கே பிடிபடாத மனுஷன். யாரு பிடிச்சா?"

இசக்கியப்பன் கோயில் கொடைத் திருவிழாவில் மாடன் இறங்கி ஆடுகிறவர். கேட்கிற முறை தெரிந்தவர். திருநீற்றை என் நெற்றியில் அப்பி, வேப்பங்குழையைக் கையில் எடுத்துக்கொண்டார். முதலாளி வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

"யாரு நீ?" என்றார் இசக்கியப்பன்.

'மாடத்தி' என்று சொல்வதாக முடிவு செய்திருந்தேன். எந்த ஊரிலும் ஒரு மாடத்தி செத்திருப்பாள், யாரும் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. வாயைத் திறந்தேன்.

"வள்ளித்தாய்."

எனக்கு அப்படி ஒருத்தியைத் தெரியாது. வாசலில் முதலாளி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்த வள்ளித்தாய்?" என்றார். தெரிந்துகொண்டு கேட்கிற குரல்.

"பட்டை உரிச்ச வள்ளித்தாய். எம் பாதி மாசச் சம்பளம் எங்க, மொதலாளி?"

குரல் என்னுடையதுதான். ஆனால் நான் முதலாளியிடம் சம்பளம் கேட்கிற ஆளா? என் வாய் பேசுவதை நானே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கால் விரல்கள் எல்லாம் குளிர்ந்துவிட்டன.

பேராச்சி கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தாள். "சித்தப்பா, யாரு இவ?"

முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இவன் கடைக்கு வருததுக்கு முந்தி. ராயகிரிக்காரி. கல்யாணம்னு சொல்லி மாசத்துப் பாதியில நின்னுட்டா. நோட்டீஸ் குடுக்கலைன்னு, செஞ்ச பாதி மாசத்துக்கும் சேர்த்துப் பிடிச்சிட்டேன். அதைக் கேட்டு வாங்கத் திரும்பி வந்தா. சிற்றாத்துல அன்னைக்கு வெள்ளம். எறங்கினவ கரையேறல."

"பெறகு?"

"பெறகு கடையில தெனம் பட்டை உரிக்கிற சத்தம். செங்கோட்டைக்கு அங்கிட்டு இருந்து ஒரு மந்திரவாதியைக் கூட்டியாந்து, மலைமேல ஒரு மரத்துல அடிக்கச் சொன்னேன். அந்த மரத்தை எவனும் வெட்ட மாட்டான்னு சொன்னான்."

"வெட்டினா எங்கன கொண்டு வருவாங்க? மரக்கடைக்குத்தான" என்றாள் பேராச்சி. "அவளுக்கு ஆளு இருக்கா?"

"ராயகிரியில ஆத்தா மட்டும் இருக்கா."

"அந்தச் சம்பளத்தை நீங்களே கொண்டுபோயி அவ ஆத்தா கையில குடுங்க. ஆள் விட்டுக் குடுக்கக் கூடாது."

முதலாளி தலையை ஆட்டினார். பேராச்சி என் பக்கம் திரும்பினாள். "வேற என்ன வேணும் வள்ளித்தாய்?"

குளிர் கொஞ்சம் விட்டிருந்தது. வாயும் என்னிடம் திரும்பி வந்திருந்தது. இதை விட்டால் சமயம் கிடைக்காது என்று தோன்றியது.

"இந்தத் தில்லைநாயகத்தை விட்டிரணும். இன்னைக்கே விடணும். பிடித்தம் இல்லாம, முழுச் சம்பளத்தோட விடணும்."

"கடையிலருந்தா, வீட்டுலருந்தா?"

"ரெண்டுலருந்தும்."

"விட்டா இவரு எங்கன போவாரு?"

"ஆரியங்கா..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடிபட்டது நிச்சயமாக என் நாக்குத்தான். பேராச்சி என்னை வெகுநேரம் பார்த்தாள். இசக்கியப்பன் பார்த்ததைவிட அது பயமாக இருந்தது.

"ஆவிக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு" என்றாள். பிறகு, "சித்தப்பா, ஒங்க கடையை விட்டுப் போற ஆளு எவ்வளவு நாள் முன்னாடி சொல்லணும்?"

"ஒரு மாசம்."

"வள்ளித்தாயும் ஒங்க கடை ஆளுதான. வந்த ஒடம்பை விட்டு அவ திடுதிப்புன்னு போயிரக் கூடாது. ஒரு மாசம் நோட்டீஸ் குடுக்கட்டும். அதுவரைக்கும் தெனம் விடியக்கால பேரருவியில குளிக்கட்டும். இவரு சம்பளத்துல பிடிக்காதீங்க."

"பிடிக்கல தாயி. ஒரு சல்லி பிடிக்கல" என்றார் முதலாளி.

எத்தனையோ கொடை ஆடியிருக்கிறேன், ஆவியிடம் நோட்டீஸ் கேட்டு இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் இசக்கியப்பன். ஆனால் முறை நல்ல முறை என்றும் சொன்னார். மறுநாள் முதலாளி என் முழுச் சம்பளத்தையும் கொண்டுவந்து பேராச்சி கையில் கொடுத்தார். மோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை வந்தது. ரயில் ஆரியங்காவுக்குப் போயிருக்கும். நான் தலையில் எண்ணெய் வழிய, குற்றாலத்தில் பேரருவிக்கு அடியில் நின்றேன். அடுத்த வாரம் ஏசுதாசன் வந்து பார்த்தான். வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். ஒற்றை ஆளாக வரச் சொன்னால் இரண்டு ஆளாக இருக்கிறாயே என்று வருத்தப்பட்டான்.

குற்றாலத்து அருவியில் புத்தி பேதலித்தவர்களைக் கொண்டுவந்து குளிப்பாட்டுவது வழக்கம். எங்களை ஒரு ஓரமாக வரிசையில் நிறுத்துவார்கள். எனக்கு அடுத்து சிவகிரிக்காரர் பரமசிவன்.

"ஒமக்கு யாரு?" என்று விசாரித்தார்.

"வள்ளித்தாய்."

"ஒத்தை ஆளுதானா? குடுத்துவச்சவரு. எனக்கு மாமியாரும் மச்சினியும்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் என் தோளுக்குப் பின்னால் உற்றுப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளை கையெல்லாம் ஏன் இப்படிச் செவந்துபோயிருக்கு?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் பின்னால் வழுக்குப் பாறைதான் இருந்தது, அங்கே யாரும் நிற்க முடியாது. பட்டை உரிக்கிறவர்களுக்கு வேங்கைச் சாறு பட்டுக் கை சிவந்துபோகும் என்பதை நான் பரமசிவனிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை. அருவி இரைச்சலுக்குள் சரக், சரக் என்று கேட்டது. அன்றிலிருந்து யாரும் சொல்லாமலே அதிக நேரம் தண்ணீரில் நின்றேன்.

முதலாளிக்கு ராயகிரி போக லேசில் தைரியம் வரவில்லை. பேராச்சி தினமும் கடைக்கே போய் நின்று, மாதம் பாதி கழிந்தபோது ஒருவழியாக அவரை அனுப்பிவைத்தாள். அவர் திரும்பி வந்த மறுநாள் காலையில், பரமசிவன் என் பின்னால் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னைக்கு அந்தப் பிள்ளை வரலையா?"

நான் வீட்டுக்கு ஓடிவந்து பேராச்சியிடம் சொன்னேன். "ஏளா, அவ போயிட்டாளாம். இனிக் குளிக்க வேண்டாம்."

"நோட்டீஸ் முடியட்டும்" என்றாள்.

முடிந்தது. இசக்கியப்பன் வந்து திருநீறு போட்டு, ஆள் போய்விட்டது என்று சொன்னார். கடையில் சத்தமும் இல்லை. பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அந்த மாதச் சம்பளமும் வழக்கம்போலப் பேராச்சி கைக்குப் போயிற்று. வெளியே போகவும் வழியில்லை, சம்பளத்தைக் கண்ணால் பார்க்கவும் வழியில்லை. இவளை ஏமாற்றினோம் என்கிற ஒரு திருப்தியாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன். பரமசிவன் சொன்னதையெல்லாம் அவர் கோளாறு என்று தள்ளிவிட்டேன். வெயில் அடித்த ஒரு பகலில், அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது ஆரம்பித்தேன்.

"ஏளா, ஒண்ணு சொல்லுதேன். கேட்டு மயங்கி விழுந்திராத. எனக்குப் பேயும் பிடிக்கல, ஒண்ணும் பிடிக்கல. அத்தனையும் நடிப்பு."

"தெரியும்."

"எப்பம் தெரியும்?"

"நீங்க தடிமேல ஏறுததுக்கு முந்தியே தெரியும். ஏசுதாசன் பெண்டாட்டி வந்து சொல்லிட்டா. ஒத்தை ஆளுன்னு கேட்டதும் ஒங்களுக்குக் கண்ணு கலங்கிருச்சாமே."

எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. பேச்சை மாற்றினேன்.

"நீயும் லேசுப்பட்டவ இல்ல. அந்த வள்ளித்தாய் கதையை நீதான் எப்பமோ சோறு போடும்போது எங்காதுல போட்டிருக்கே. கேக்காத மாதிரி இருந்தாலும் உள்ள போயிருக்கு. அதான் வாயில வந்துட்டு."

அவள் கை அரிசிக்குள்ளேயே நின்றது.

"நான் எங்க சொன்னேன்? அன்னைக்குச் சித்தப்பா சொல்லித்தான நானே கேட்டேன்."

பின்கட்டில் எதுவோ சரக் என்று உரசியது. இரண்டு பேரும் எழுந்து போய்ப் பார்த்தோம். முருங்கைக் கிளை சுவரில் உரசுகிறது. முருங்கைதான் என்று இரண்டு பேரும் சத்தமாகச் சொல்லிக்கொண்டோம். திரும்பி வந்தபோது பேராச்சி என்னை ஒட்டி உட்கார்ந்தாள். நானும் நகரவில்லை.

"அப்பம் பாதி நெசம்" என்றேன்.

"அதான் பாதி மாசம் குளிக்க வச்சேன்."

"அவதான் பாதியிலேயே போயிட்டாளே. மீதிப் பாதி மாசம் என்னத்துக்குட்டி என்னை அந்தத் தண்ணியில நிறுத்தினே?"

பேராச்சி அரிசியை இன்னொரு தடவை களைந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாமப் போகப் பாத்தியள்லா. அது பிடித்தம்."